அறுந்த குதிகால் நாண்

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை என்பார்கள், குதிகால் நாண் அறுந்தவர்கள். சிலருக்குப் 'படீர்' என்ற ஓசையும் கேட்கும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் இந்நாண் உடலிலுள்ள நாண்கள் யாவற்றிலும் தடித்தது. நம் வீடுகளில் இதனை 'நரம்பு' என்பர். நரம்பு வேறு, நாண் வேறு.

ஆண்டர்சன்பேட்டையில் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட பின், சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். நம்மவரும் அவர்களுள் ஒருவர், வயது நாற்பது. வாரமெல்லாம் ஓடாத கால் ஞாயிறன்று பந்தின் பின்னே பாய்கிறது. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே இவ்விபத்து மிகுதியாக நேர்கிறது.

நொண்டியேனும் நடக்க முடிவதால், "சுளுக்குத்தான்" என்று பலர் நாள் கடத்திவிடுகின்றனர். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டை நாடுவது அப்பக்கத்து வழக்கம். இங்கே முறிந்தது எலும்பன்று. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிழியும்போது பாதம் அசையாவிடில் நாண் அறுந்திருக்கிறதென்றே வைத்தியர் ஐயுறுவார்.

அறுவை சிகிச்சை தேவைதானா? நார்வே நாட்டில் 526 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டு முடிவில் தைத்தவர் காலும் தைக்காதவர் காலும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தன. ஆனால் தைக்காதவருள் நூற்றுக்கு ஆறு பேருக்கு நாண் மீண்டும் அறுந்தது; தைத்தவருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதே சமயம், தைத்தவரிடையே நரம்புக் காயம் சற்று அதிகம். புண்ணில் சீழ் பிடிக்கும் அபாயமும் உண்டு. நீரிழிவு உள்ளவரும் புகைப்பவரும் இதனைத் தம் வைத்தியரிடம் மறைக்கலாகாது.

தைத்தாயிற்று. முதல் இரு வாரம், விரல் நுனி கீழ்நோக்கியிருக்குமாறு கட்டு, நடக்க ஊன்றுகோல். பிறகு குதிகாலுக்கடியில் ஆப்பு வைத்த காலணிக் கவசம். சிறிது சிறிதாகப் பாரம் ஊன்றி, ஆப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவர். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கவசம் கழன்றுவிடும்.

இனிமேல்தான் கவனம் மிக வேண்டும். வலி போய்விட்டது, விடுமுறையும் தீர்ந்துவிட்டது, கூலி நின்ற வீட்டில் கவலை வளர்ந்திருக்கிறது. ரயில்பெட்டிப் படியில் கால் தவறினாலோ, வண்டியைப் பிடிக்க ஓடினாலோ, இன்னும் முற்றாத நாண் மறுபடியும் அறுந்துபோகலாம். அறாமலே நீண்டுவிடுவது மற்றோர் ஆபத்து. அது வலிக்காது, ஆனால் நீண்ட நாணால் தசை இழுக்கும் வலு குன்றும். பாட்டி அன்போடு எண்ணெய் தடவிப் பாதத்தை மேலே வளைத்து உருவிவிடுவாள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இம்மாதங்களில் நாணை இழுத்து நீட்டும் பயிற்சி எதனையும் பிசியோதெரபி நிபுணர் சொல்லாமல் செய்யக்கூடாது. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ, இரத்தம் கட்டியிருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். நின்றும் சுமந்தும் செய்யும் வேலைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்பதை முதலிலேயே முதலாளியிடம் சொல்லிவிடுவது நலம். மெல்லோட்டத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம். ஆட்டக்களத்துக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். கால்பந்து வீரர் டேவிட் பெக்காமுக்கு 2010 மார்ச் 14இல் நாண் அறுந்தது. மறுநாளே பின்லாந்தின் துர்கு நகரில் தைத்தனர். உலகின் சிறந்த கவனிப்பெல்லாம் இருந்தும் அவ்வாண்டு உலகக் கோப்பை அவருக்குக் கைநழுவியது. செப்டம்பர் 11இல்தான் ஆட்டத்துக்குத் திரும்பினார்.

முழுவதும் தேறியதா என்றறிய எளிய வழியொன்று உண்டு. நிபுணர் அனுமதித்த பின், சுவரில் விரல்களை ஊன்றி, ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்திப் பாருங்கள். நல்ல கால் எழும்பும் உயரத்துக்குத் தைத்த கால் எழும்பாமல், ஓரிரு விரற்கடை தாழ்ந்தே நிற்கக்கூடும். பலருக்கு இக்குறை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது; நடைக்கும் ரயிலேற்றத்துக்கும் அது பெரும்பாலும் தடையாவதில்லை, பாய்ந்து ஓடும்போதுதான் தெரியும்.