பழுப்புத்தலைக் கடற்காகத்தை அறிவோம்

வித்துராவில் கல்லாற்றின் கரையில் நிற்பவருக்குக் கடற்பறவைகளின் நினைவு எளிதில் எழாது. ஆயினும் மலையிலிருந்து இறங்கும் இந்நீர், வாமனபுரம் ஆற்றோடு இணைந்து அஞ்சுதெங்குக் காயலை அடைந்து, முதலப்பொழி முகத்துவாரத்தின் வழியே அரபிக் கடலில் கலக்கிறது. குளிர்காலத்தில் பொன்முடிக்கு வரும் அன்பர்கள், ஒரு காலைப் பொழுதைக் கடற்கரைக்கும் ஒதுக்கலாம். அக்காலத்தில் கேரளக் கடலோரத்திற்கு வரும் விருந்தினர்களுள் ஒன்று பழுப்புத்தலைக் கடற்காகம்.

லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோ மோரிரி ஏரி போன்ற மைய ஆசிய உயர்நில நீர்நிலைகளில் இப்பறவை கோடையில் கூடு கட்டுகிறது. அங்கு நீர் உறையத் தொடங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, நம் கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

பெயரை மட்டும் நம்பி இதனைத் தேடுவோர் ஏமாறுவர். பழுப்பு நிறத் தலை இனப்பெருக்கக் காலத்துக்கே உரியது. இங்கு வந்து தங்கும் மாதங்களில் தலை பெரும்பாலும் வெண்மையாகவே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் எஞ்சும். இதன் நெருங்கிய உறவான கருந்தலைக் கடற்காகத்துக்கும் அதே கோலம்தான். எனவே, ரூபாய் நோட்டின் உண்மையை ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்மானிக்காததுபோல, இங்கும் பல அடையாளங்களைச் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

முதலில், பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்தின் நுனி அகன்ற கருமையாய், அதனுள் வெண்திட்டுகளுடன் விளங்கும். கருந்தலைக் கடற்காகத்திலோ இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெண்மை ஓடும். நுனியில் கருமை குறைவு. அடுத்து, கண். வளர்ந்த பழுப்புத்தலைக்கு அது வெளிறியது, மற்றதற்குக் கருமையானது. மூன்றாவதாக, உடலும் அலகும் பழுப்புத்தலைக்குச் சற்றுப் பருமனானவை. இளம் பறவைகளுக்கு வெண்திட்டுகளும் வெளிறிய கண்ணும் அமைந்திரா என்பதால், அவற்றைக் கண்டு அவசரமாக முடிவு செய்யலாகாது.

இந்நுணுக்கம் வெறும் பொழுதுபோக்கன்று. ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஆர்வலர்களின் பதிவுகளும் இடம்பெறுகின்றன. இரு இனங்களும் ஒரே பெயரில் பதிவானால், ஓரினம் குறைந்து வருவது கணக்கில் தெரியாமலே போகும். ஐயம் எழுந்தால் 'இனம் தெரியாத கடற்காகம்' என்று எழுதுவதே நேர்மையான பதிவாகும்.

இருகண்ணோக்கியும் குறிப்பேடும் போதுமானவை. ஓய்வெடுக்கும் கூட்டத்தை விரட்டிப் படமெடுத்தல் வேண்டா. நெடும் பயணத்துக்குச் சேமித்த வலிமையை அது வீணாக்கும். முதலப்பொழியில் அலைகள் ஆபத்தானவை. ஆகவே அலைதடுப்புப் பாறைகளின் மீது ஏறாமல், கரையில் நின்றே காணுங்கள். மார்ச் மாதத்தையொட்டிச் சில தலைகளில் பழுப்பு நிறம் படர்வதைக் காணலாம். அவை வடக்கே திரும்பும் காலம் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.