ஒன்பது பேருக்கு மண் இல்லை!

ஜன்ம விரோதியானாலும், உயிர் போன பிறகு அவனுக்கு ஆறடி மண்ணை மறுக்கலாகாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் மும்பை முஸ்லிம்கள் ஒன்பது சவங்களுக்கு மறுத்தார்கள். யாருக்கு, ஏன் என்று கேளுங்கள்.

2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாகிஸ்தானிலிருந்து கடல் வழியே வந்த பத்துப் பேர், பழைய மனிதர்கள் இன்றும் வி.டி. என்று சொல்லும் ரயில் நிலையத்திலும், தாஜ் ஹோட்டலிலும், வேறு பல இடங்களிலும் வெறியாட்டம் ஆடினார்கள். 166 பேர் மாண்டார்கள். ரயிலுக்குக் காத்திருந்து மாண்டவர்களில் முஸ்லிம்களும் உண்டு. குண்டு என்ன, பெயர் கேட்டுக்கொண்டா பாய்கிறது? வந்தவர்களில் கசாப் ஒருவன்தான் உயிரோடு பிடிபட்டான். மற்ற ஒன்பது பேரும் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள்.

மெரீன் லைன்ஸில் முஸ்லிம்களின் பெரிய கபர்ஸ்தான் இருக்கிறது. அதை நிர்வகிக்கும் ஜும்மா மசூதி டிரஸ்டார், "இங்கே இடமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட பாதகம் செய்தவர்களை முஸ்லிம்கள் என்றே ஒப்புக்கொள்ள முடியாது என்பது அவர்கள் கட்சி.

இது லேசான காரியமல்ல, சகோதரிகளே! இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி, தாமதமின்றி அடக்கம் செய்வது முஸ்லிம் சமூகம் முழுவதற்கும் கடமை. ஒருவருமே செய்யாவிட்டால் பாவம் எல்லோரையும் சேரும். செத்தவனைத் தண்டித்து என்ன பயன் என்று முதலில் எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் எங்கே குண்டு வெடித்தாலும், "உங்கள் மதம் இதைத்தான் சொல்கிறதா?" என்ற கேள்வி, அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாளின் முகத்தில் வீசப்படுகிறதே! அதற்கு வேறு எப்படித்தான் பதில் சொல்வது?

குர்ஆனில் யுத்தம் பற்றிய வசனங்கள் இல்லாமலில்லை. கொலைகாரர்கள் தூக்கிப் பிடிப்பது அவற்றைத்தான். ஆனால் அதே குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், குற்றமற்ற ஓர் உயிரைக் கொல்வதை மனித குலத்தையே அழிப்பதற்குச் சமமாக வைக்கிறது. போர்க்களத்திலும் பெண்கள், குழந்தைகள் மேல் கை வைக்கக் கூடாதென்று நபிகள் நாயகம் தடுத்திருக்கிறார். ரயிலடியில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எந்தப் படையைச் சேர்ந்தவர்கள்?

அடுத்த இரண்டே வாரத்தில் பக்ரீத் வந்தது. முஸ்லிம்கள் பலர் கறுப்புப் பட்டை அணிந்து தொழுகைக்குப் போனார்கள்.

சவங்களோ ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் பிணவறையில் ஓராண்டுக்கு மேல் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசாங்கமே அவற்றை ரகசியமாகப் புதைத்தது. விஷயம் ஏப்ரலில்தான் வெளிவந்தது. புதைத்த இடத்தை மட்டும் சொல்லவில்லை.