மருந்து முக்கும் கைக்கு மருந்தின் குணம் தெரியவேண்டாமா?

மதுரையிலிருந்து நெல்லை நோக்கிச் செல்பவர் எவரும் கயத்தாற்றைக் கடக்கும்போது கட்டபொம்மனை நினைக்காமல் போவதில்லை. 1799 அக்டோபர் 16ஆம் நாள் அந்த வீரனை வெள்ளையன் தூக்கிலிட்ட மண் அது. இன்று அதே மண்ணிலே, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள் நின்று சுழல்கின்றன. நாம் இன்று எழுத வந்தது இரண்டைப் பற்றியும் அல்ல, தோழர்களே! அங்கே ஒரு தேநீர்க்கடைப் பலகையிலே கிடந்த தீப்பெட்டியைப் பற்றி.

பீடியைப் பற்றவைத்த பெரியவர் ஒருவரைக் கேட்டோம். தீப்பெட்டி ஆபீசிலே முப்பது ஆண்டு பாடுபட்டவர்.

"அண்ணாச்சி, இந்தக் குச்சித் தலையிலே என்னென்ன இருக்கு?"

"மருந்து."

"என்ன மருந்து?"

"மருந்துதான் தம்பி! முக்குவோம், காயவைப்போம். அதுக்கு மேலே நமக்கு எவன் சொன்னான்?"

எவன் சொன்னான்! அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. பெரியவரின் பேத்தி பள்ளியிலே கலவை, கரைசல், கூழ்மம், தொங்கல் என்று படித்து மதிப்பெண் வாங்குகிறாள். அவற்றையெல்லாம் முப்பது ஆண்டு கையாலே கலக்கிய தாத்தாவுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது. ஆகவே, நாம் படித்தறிந்ததை இங்கே சொல்லிவிடுகிறோம்.

குச்சித் தலையிலே பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. கந்தகம் இருக்கிறது. கண்ணாடித்தூள், சாயம், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த வச்சிரப் பசை இருக்கின்றன. இது கலவை, சேர்மம் அன்று. வேறுபாடு என்ன? நம் தோழர்களுக்கு எளிதாகப் புரியும். கலவை என்பது தேர்தல் கூட்டணி. சேர்மம் என்பது கட்சி இணைப்பு. கூட்டணியிலே அவரவர் கொடி அவரவரிடம் இருக்கும், அவரவர் குணமும் அவரவரிடம் இருக்கும். குளோரேட்டின் குணம் உயிர்வளியை வாரி வழங்குவது. கந்தகத்தின் குணம் எரிவது. பக்கத்திலே பக்கத்திலே உட்கார்ந்திருக்கும் இரண்டும் ஒரு பொறிக்குக் காத்திருக்கின்றன.

பெட்டியின் பக்கவாட்டிலே தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். அதையும் குளோரேட்டையும் உலர்ந்த நிலையிலே ஒன்றாகச் சேர்த்தால் ஒரு தட்டு போதும், ஓர் உராய்வு போதும், வெடிக்கும். அதனாலேதான் ஒன்றைத் தலையிலும் மற்றதைப் பெட்டியிலும் பிரித்து வைத்தார்கள். 1844இல் சுவீடன் நாட்டு வேதியியலார் பாஷ் கண்ட வழி இது. பெட்டியிலே பிரித்து வைத்த இரண்டையும், ஆலையிலே ஒரே துடைப்பத்தால் கூட்டி ஒரே மூலையிலே குவித்தால்? பாஷ் கண்ட பாதுகாப்பு அந்தக் குப்பையிலே போயிற்று!

அப்படியானால் இத்தனையையும் கலக்கும்போது ஏன் தீப்பிடிக்கவில்லை? தண்ணீர்! ஈரம்தான் அங்கே காவலாளி. சூடான பசைநீரிலே தூள்களை இடுகிறார்கள். குளோரேட்டிலே ஒரு பங்கு கரைகிறது. கந்தகம் கரைவதே இல்லை, மிதந்து தொங்குகிறது. கிளறுவதை நிறுத்தினால் கனத்த துகள் அடியிலே தங்கும். அப்போது மேலே முக்கிய குச்சி ஒருவிதம், கீழே முக்கிய குச்சி வேறுவிதம்.

இதைக் காணச் சோதனைச்சாலை வேண்டாம். கரிசல் மண்ணை ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரிலே கலக்கி வையுங்கள். மணல் உடனே இறங்கும். நுண்ணிய களி நாள்கணக்கில் இறங்காது, கலங்கியே நிற்கும். அந்தக் கலங்கலைத் தெளியவைக்கப் படிகாரமோ தேற்றாங்கொட்டையோ உரைத்துப்போட்ட நம் ஆத்தாள் படித்த வேதியியல் எந்தப் பள்ளியிலே இருந்தது?

பசையின் பாகுநிலையும் அப்படித்தான். சூடு குறைந்தால் பாகு இறுகும், தலை கட்டி தட்டும். சூடு மிகுந்தால் நீர்த்து வழியும். கை பார்த்துச் சரியான பதம் சொல்லும் முக்குத் தொழிலாளியைக் 'கூலி' என்று ஒரே சொல்லிலே முடித்துவிடுகிறது நாடு. மழை குறைந்த இந்தக் கரிசல் காட்டிலே அந்தப் பதம் விரைவிலே உலர்வதும், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் இத்தொழில் வேரூன்ற ஒரு காரணம்.

சரி, ஆபத்துக்கு வருவோம். ஈரம் காவலாளி என்றோம். ஈரம் போனால்? விளிம்பிலே வழிந்து காய்ந்த மருந்து, தரையிலே உதிர்ந்த தூள், சேலையிலும் வேட்டியிலும் படிந்த குளோரேட், இவைதாம் ஆபத்து. குளோரேட் ஊறி உலர்ந்த துணி சாதாரணத் துணி அன்று. ஒரு பொறி பட்டால் கொழுந்துவிட்டு எரியும். அந்தச் சேலையோடுதான் நம் சகோதரி வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுகிறாள்! தண்ணீரிலே கரையும் பொருள்தானே, அலசினால் போய்விடாதா? போகும். ஆனால் சாதாரணத் தண்ணீர் 100 மில்லியிலே 7 கிராம் அளவுதான் கரையும்; கொதிநீரிலே 50 கிராமுக்கு மேல் கரையும். எனவே வெந்நீர் வேண்டும், நிறைய வேண்டும். குடிக்கவே குடத்தோடு அலையும் ஊரிலே!

இன்னொன்று. பட்டாசுக் கொட்டகைக்கு வேலைமாறிப் போகும் தோழர்கள் கவனிக்கவேண்டும். அங்கே அலுமினியத் தூள் இருக்கிறது. நைட்ரேட்டோடு கலந்த அலுமினியத் தூளிலே ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். தீப்பெட்டி ஆபீசிலே காவல் காத்த தண்ணீர் இங்கே காலை வாரிவிடும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனரே, அவர்களிலே உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்தனர். எதன் அருகே போகிறோம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பள்ளிச் சோதனைச்சாலையிலே முதல்நாளே சொல்கிறார்கள்: "அமிலத்தைத் தண்ணீரிலே ஊற்று, தண்ணீரை அமிலத்திலே ஊற்றாதே." காரணமும் சொல்கிறார்கள். கந்தக அமிலம் தண்ணீரைப்போல் 1.84 மடங்கு கனம். மேலே ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்று, பிறக்கும் சூட்டிலே கொதித்து முகத்திலே தெறிக்கும். கண்ணாடி அணி, கூந்தலை முடி, ருசி பார்க்காதே என்கிறார்கள். நல்லது! வாரத்துக்கு ஒருமணி நேரம் உள்ளே போகும் பிள்ளைக்கு இத்தனை எச்சரிக்கை. ஆயுள் முழுதும் உள்ளே இருக்கும் தாய்க்கு ஒரு வரி கிடையாதா?

'எல்லாம் விதி' என்பார்கள். விதியாவது! 1888இல் இலண்டனிலே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்துத் தின்ற காலம் அது. அந்த அநீதியை ஏட்டிலே எழுதியவர் அன்னிபெசன்ட் அம்மையார். ஆம், பின்னாளில் நம் சென்னை அடையாற்றிலே வாழ்ந்தவரேதான்! 1906இல் பெர்ன் நகரிலே நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரசைத் தடுத்தன. 1913இல் இந்தியாவிலும் தடைச்சட்டம் வந்தது. இங்கே குழந்தைகளைக் குச்சி அடுக்க வைத்த கொடுமைமீது உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்புரைத்து, வைத்த குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் தரச் சொன்னது. கேட்டதாலே வந்தவை இவை.

இயந்திரம் வந்துவிட்ட ஆலையிலும் கலவை அறை இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை பறக்கும். பறக்கிற கை வழிந்ததைத் துடைக்காது, தூளைக் கூட்டாது. துடைத்தால் அன்றைய கூலியிலே துண்டு விழும். அறிவுப் பலகை மாட்டிவிட்டு இந்தக் கணக்கை அப்படியே விட்டால் பலகையினால் பயன் என்ன?

கலவை அறைக்கு அறை தனித்தனித் துடைப்பமும் பாத்திரமும். பொருள்களின் குணத்தைச் சொல்லும் பெரிய எழுத்துத் தமிழ்ப் பலகை. எழுத்தறியாதார்க்கு மாதம் ஒருநாள் வாசித்துச் சொல்ல ஆள். வேலைத்துணி ஆலையிலேயே கழற்றி ஆலையிலேயே வெளுக்கவேண்டும். குளிக்க வெந்நீர். கூட்டவும் குளிக்கவும் ஆகும் அரைமணி நேரம் கூலியோடு சேர்ந்த நேரம். அடுத்த ஒப்பந்தப் பேச்சிலே சங்கத் தோழர்கள் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதிக்கொண்டு போகட்டும். கயத்தாற்றுப் பெரியவரிடம் இதைச் சொன்னோம். "வெந்நீருக்கு விறகுக் காசு யார் தருவா, அதையும் எழுதச் சொல்லுங்க" என்றார். எழுதிவிட்டோம்.