நாற்பத்தெட்டு நாள் சர்வருக்கு யார் கையில் சாவி?

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதர், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் சேவை சாதித்தபோது, தரிசனச் சீட்டுகளில் ஒரு பகுதி இணையவழியாகவும் வழங்கப்பட்டது. முந்தைய வைபவம் நடந்த 1979-இல் நினைத்தும் பார்த்திராத வசதி இது. ஒன்றரை மாதம் அலைமோதும் கூட்டம், அதன்பின் பல்லாண்டு அமைதி என்னும் இத்தகைய தேவைக்கென்றே புதிய சர்வர்களை விலைகொடுத்து வாங்கிவைத்தால், விழா முடிந்த மறுநாளே அவை வேலையற்ற இரும்புப் பெட்டிகளாகிவிடும். இந்தச் சிக்கலுக்குக் கணினித் துறை கண்ட விடைதான் மெய்நிகராக்கம்.

ஒரு கணினியின் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றை மென்பொருளால் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனக்கென ஓர் இயங்குதளம் கொண்ட தனிக் கணினியைப் போலவே இயங்கச் செய்வது மெய்நிகராக்கம் எனப்படும். அவ்வாறு உருவாகும் கணினி மெய்நிகர் இயந்திரம், பங்கீட்டை நடத்தும் மென்பொருள் ஹைப்பர்வைசர். 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் பிறந்த இந்நுட்பத்தை, 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு மெய்நிகர் சர்வரைச் சில நிமிடங்களில் உருவாக்கலாம், அதைவிட விரைவாக அழித்தும் விடலாம். ஆனால், அந்தச் சர்வருக்குள் நுழைவதற்காக நிர்வாகிகளுக்கு வழங்கப்படும் பயனர் பெயர், கடவுச்சொல், திறவுகோல் ஆகிய நுழைவுச் சான்றுகள் அத்தனை எளிதில் அழிவதில்லை. ஆபத்து தொடங்கும் இடமும் அதுவே.

இங்கே சான்றுகள் இரண்டு அடுக்குகளில் உள்ளன. மெய்நிகர் இயந்திரத்துக்குள் நுழையும் சான்று கீழடுக்கு, ஹைப்பர்வைசருக்குள் நுழையும் சான்று மேலடுக்கு. ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் முழு வன்தட்டும் ஹைப்பர்வைசரின் பார்வையில் வெறும் ஒரு கோப்பு என்பதால், மேலடுக்குச் சான்றைக் கைப்பற்றியவர் உள்ளிருக்கும் எந்த இயந்திரத்தின் கடவுச்சொல்லையும் அறியாமலேயே அவை அனைத்தையும் நகலெடுக்கலாம், நிறுத்தலாம், பூட்டிப் பணயத்தொகையும் கேட்கலாம்.

கடவுச்சொல்லின் பலவீனம் அதன் பிறப்பிலிருந்தே அறியப்பட்டது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினி அமைப்பை அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையிலான குழு 1961-இல் இயக்கிக்காட்டி, அதில் கடவுச்சொல் முறையைப் புகுத்தியது; அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதையடுத்து, அங்கிருந்த டாட்டு இலோனென் எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான இணைப்பு முறையை உருவாக்கினார். கடவுச்சொல்லுக்கு மாற்றாக இம்முறை அனுமதிக்கும் திறவுகோல் இணையில், பொதுத் திறவுகோல் சர்வரிலும் தனித் திறவுகோல் நிர்வாகியின் கணினியிலும் இருக்கும். தனித் திறவுகோல் வலையமைப்பில் பயணம் செய்வதே இல்லை, அது தம்மிடம் உள்ளது என்பதைக் கணித முறையில் மெய்ப்பிப்பதே போதும். லினக்ஸ் கணினியில் அந்தத் திறவுகோல் கோப்புக்கு, உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் உரிமை தரும் 600 என்ற அனுமதி எண் இடுவது வழக்கம். பிறரும் படிக்கக்கூடிய நிலையில் கோப்பு கிடந்தால், எஸ்எஸ்எச் அந்தத் திறவுகோலை ஏற்க மறுத்துவிடும்.

மெய்நிகர் சூழலுக்கே உரிய பிழை ஒன்று நகலெடுப்பில் நேர்கிறது. ஒரு மாதிரி இயந்திரத்தை முழுமையாக அமைத்து, அதிலிருந்து பல நகல்களை எடுப்பது நடைமுறை. மாதிரிக்குள் ஒரு கடவுச்சொல் எஞ்சியிருந்தால், எல்லா நகல்களுக்கும் அதுவே சாவியாகிவிடும். ஆகவே, மாதிரியில் எந்தச் சான்றையும் விட்டுவைக்காமல், ஒவ்வொரு நகலும் முதன்முறை இயங்கத் தொடங்கும்போதே அதற்குரிய சான்றைப் பெறும்படி அமைக்க வேண்டும்.

மேலடுக்கின் ஆபத்தை 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசரை, அலுவலகப் பயனர் கணக்குகள் அனைத்தையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியுடன் இணைத்திருந்தால், அந்த டைரக்டரியில் 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயருடைய குழுவில் உள்ள எவரையும் அது முழு நிர்வாகியாக ஏற்றுக்கொண்டது. அப்படியொரு குழு இயல்பில் இருப்பதே இல்லை. எனவே குழு உருவாக்கும் உரிமையை எப்படியோ பெற்ற ஊடுருவிகள், அந்தப் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கித் தங்களையே அதில் சேர்த்துக்கொண்டு ஹைப்பர்வைசரைக் கைப்பற்றினர். ஹைப்பர்வைசரின் சான்றுகளை அலுவலகத்தின் பொதுக் கணக்குகளிலிருந்து பிரித்துவைத்து, கடவுச்சொல்லோடு இரண்டாவதொரு சரிபார்ப்பையும் கட்டாயமாக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகள், இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. ஆனால், ஐந்து பேர் 'அட்மின்' என்ற ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், 180 நாள் பதிவேட்டைப் புரட்டினாலும் எதைச் செய்தவர் எவர் என்பது விளங்காது. ஆகவே ஆளுக்கொரு கணக்கும், அவரவர் பணிக்கு வேண்டிய அளவு உரிமையும் மட்டுமே வழங்கி, எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கை அவசரத்துக்கென ஒதுக்கிவைப்பதே முறை.

பொறுப்புக்குக் காலவரையறையும் கணக்கொப்படைப்பும் வேண்டும் என்ற கருத்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையில் தேர்வான வாரிய உறுப்பினரின் பொறுப்பை 360 நாள்களுக்கு வரையறுத்ததோடு, கணக்குக் காட்டாதவரை மீண்டும் தேர்வுக்கே தகுதியற்றவராக்கின. மெய்நிகர் சர்வரின் சான்றுக்கும் காலாவதி நாளை வழங்கும்போதே குறித்துவிட வேண்டும். ஏனெனில், இயந்திரத்தை அழிக்கும் கட்டளை அந்த இயந்திரத்தை மட்டுமே அழிக்கிறது, டைரக்டரிக் குழுவில் நிற்கும் பெயரையும், காப்புநகல் நிரலுக்குள் எழுதப்பட்ட கடவுச்சொல்லையும், ஒப்பந்தம் முடிந்து சென்றவரின் மடிக்கணினியில் உள்ள திறவுகோலையும் அது தொடுவதில்லை.