ஏப்ரல் 15-க்குள்ள முடிவு சொல்லணும்... பொருளாதார பிஹெச்.டி-க்கு மூணு ஆஃபர் வந்தா எதை எடுப்பது?

மார்ச் கடைசி வாரம். ராத்திரி பதினோரு மணிக்கு காலேஜ் தோழியிடமிருந்து போன். "மூணு இடத்துல கிடைச்சிருக்குடி" என்றாள். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தால், அந்தப் பக்கம் அழுகிற குரல். "எதை எடுக்கறதுன்னு தெரியல. அடுத்த ஆறு வருஷம்டி. தப்பா எடுத்துட்டேன்னா?"

திருப்பூர் பொண்ணு. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சென்னையில் எம்.ஏ பொருளாதாரம் படிக்கும்போது, கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று ப்ராஜெக்ட் செய்தவள். அதையே பெரிதாக ஆராய்ச்சி செய்ய ஆசை. வந்த ஆஃபர்களில் ஒன்று, அமெரிக்கக் கடற்கரை நகரத்தில் இருக்கும், எல்லோருக்கும் பெயர் தெரிந்த பல்கலைக்கழகம். இரண்டாவது, அமெரிக்காவின் நடுப்பகுதியில் நம்ம ஊரில் யாரும் கேள்விப்படாத ஓர் அரசுப் பல்கலைக்கழகம். மூன்றாவது நெதர்லாந்து.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் முதலாவது டெபாசிட்டோடு ஜெயித்திருக்கும். அவள் பெரியப்பா அதற்குள் ஸ்டேட்டஸே போட்டுவிட்டார். ஆனால் பி.ஏ, எம்.பி.ஏ-வுக்குக் காலேஜ் பெயரைப் பார்த்து எடுப்பதும் பிஹெச்.டி-க்கு எடுப்பதும் ஒன்றில்லை. பிஹெச்.டி-யில் அந்தப் பெயர் உங்களைச் சேர்த்துக்கொள்வது வரைதான். இரண்டாவது வருடத்திலிருந்து ஆறாவது வருடம் வரை அங்கே இருக்கும் மாணவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அந்த ஆஃபரின் நிஜமான மதிப்பு. அது ரேங்க்கிங் பட்டியலில் இருக்காது, தோண்டித்தான் எடுக்கணும்.

அவசரப்படுத்தினா பயப்படாதீங்க

அமெரிக்காவில் 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்று ஒன்று உண்டு. பட்டமேற்படிப்புக் கல்வி நிறுவனங்களின் கவுன்சில் கொண்டுவந்தது. கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு ஆஃபர் கொடுத்தால், ஏப்ரல் 15 வரை பதில் சொல்லச் சொல்லி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "மார்ச் 25-க்குள்ள சொல்லலைன்னா சீட் போயிடும்" என்று மெயில் வந்தால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, தீர்மானத்தைக் குறிப்பிட்டுப் பணிவாகப் பதில் எழுதலாம். இது அமெரிக்க ஏற்பாடு. ஐரோப்பாவில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கெடு. தோழிக்கு நெதர்லாந்துக்கான கெடு ஏப்ரல் 5-ஆக இருந்தது. ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டாள், கொடுத்தார்கள்.

கைடு எப்போ கிடைப்பார்?

நம்ம ஊரில் பிஹெச்.டி என்றாலே முதல் கேள்வி, "கைடு யாரு?" அமெரிக்கப் பொருளாதாரத் துறைகளில் பெரும்பாலும் கைடு இல்லாமல்தான் உள்ளே போகிறோம். முதல் வருடம் முழுக்க மைக்ரோ, மேக்ரோ, எக்கனாமெட்ரிக்ஸ். கணக்கு பெண்டு நிமிர்த்தும். வருடக் கடைசியில் 'ப்ரிலிம்ஸ்' என்கிற தகுதித் தேர்வு. பல இடங்களில் இரண்டு வாய்ப்பு கொடுப்பார்கள், அதிலும் தேறாதவர்கள் மாஸ்டர்ஸ் பட்டத்தோடு வெளியேற வேண்டியதுதான். இரண்டாம் வருடம் சிறப்புப் பாடங்கள். அதன் பிறகே, இரண்டாம் வருடக் கடைசியிலோ மூன்றாம் வருடத்திலோ, கைடு.

அதனால் "இந்த ஒரு பேராசிரியருக்காகவே போறேன்" என்பது ஆபத்தான முடிவு. நீங்கள் மூன்றாம் வருடம் வருவதற்குள் அவர் வேறு பல்கலைக்கழகம் போயிருக்கலாம், அரசுப் பதவிக்குப் போயிருக்கலாம், ஏற்கெனவே பத்து மாணவர்களோடு நேரமில்லாமல் இருக்கலாம். உங்கள் துறையில் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்களா என்று பாருங்க. எஸ்தர் டுஃப்லோ 1999-ல் எம்.ஐ.டி-யில் பிஹெச்.டி முடித்தபோது அவருக்கு அபிஜித் பானர்ஜி, ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் என இரண்டு கைடுகள். முதலாமவரிடம் வளரும் நாடுகளின் பொருளாதாரம், இரண்டாமவரிடம் தரவிலிருந்து காரண காரியத்தைப் பிரித்தெடுக்கும் முறை. (மூவருமே பிறகு நோபல் வாங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதை எதிர்பார்த்து அட்மிஷன் போட முடியாது!)

யார் உண்மையிலேயே மாணவர்களோடு வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு துறையும் அந்த வருடம் வேலை தேடும் பிஹெச்.டி மாணவர்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போடும். ஒவ்வொருவரின் சி.வி-யிலும் கைடுகளின் பெயர் இருக்கும். தோழி உட்கார்ந்து எண்ணினாள். கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் அவள் கனவு கண்ட நட்சத்திரப் பேராசிரியரின் பெயர் ஒரே ஒரு சி.வி-யில்தான் இருந்தது. நடுப்பகுதிப் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் பொருளாதாரம் பார்க்கும் இரண்டு பேராசிரியர்களின் பெயர் ஏழு பேரிடம்.

பட்டியலில் இல்லாதவங்க எங்கே?

பிஹெச்.டி முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதைப் 'ப்ளேஸ்மென்ட்' பக்கத்தில் போட்டிருப்பார்கள். எல்லோரும் அதில் மேலே இருக்கும் இரண்டு பெரிய பெயர்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். நடுவில் இருப்பவர்களைப் பாருங்க, நீங்களும் நானும் அங்கேதான் வருவோம். ஐந்து வருடப் பட்டியலை எடுத்து, உங்கள் பிரிவில் முடித்தவர்களை மட்டும் தனியாகப் பாருங்க. பல்கலைக்கழக வேலையா, மத்திய வங்கியா, உலக வங்கி மாதிரி அமைப்பா, அமேசான் போன்ற டெக் கம்பெனியா? இதில் எது உயர்வு, எது தாழ்வு என்பது உங்க ஆசையைப் பொறுத்தது.

அடுத்து ஒரு கழித்தல் கணக்கு. வருடத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள்? எத்தனை பெயர் பட்டியலில் இருக்கிறது? இருபது பேரைச் சேர்க்கும் இடத்தில் வருடத்துக்குப் பத்துப் பெயர்தான் வருகிறது என்றால், மீதிப் பத்துப் பேர் எங்கே? சிலர் தாமதமாக முடிப்பார்கள், சிலர் விருப்பப்பட்டே விலகியிருப்பார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. துறையின் பட்டமேற்படிப்பு இயக்குநருக்கு நேரடியாக மெயில் போடலாம். "கடந்த சில வருடங்களில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வருடத்துக்குப் போனார்கள்?" என்று ஒரே வரி. ஒழுங்கான இடங்கள் எண்ணிக்கையோடு பதில் சொல்லும்.

அப்பா கண்டுபிடித்த ஓட்டை

பணத்தைப் பற்றிப் பேசினால் ஆராய்ச்சி ஆர்வம் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று நம்மில் பலருக்குக் கூச்சம். தேவையே இல்லை. ஆறு வருடம் வாடகை கட்டப்போவது நாமதான்.

அமெரிக்காவில் முழு ஃபண்டிங் என்றால் வழக்கமாக ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, மருத்துவக் காப்பீடு உண்டு, மாதா மாதம் ஸ்டைபெண்ட் வரும், பதிலுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பாடம் எடுக்கவோ ஆராய்ச்சிக்கு உதவவோ வேண்டும். ஓட்டை எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். கடற்கரைப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தில் 30,000 டாலர் என்று இருந்தது. ஆனால் அது ஒன்பது மாதத்துக்கு. கோடையில் மூன்று மாதம் வருமானம் கிடையாது, எஃப்-1 விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வெளியில் வேலை பார்க்கவும் முடியாது. ட்யூஷன் தள்ளுபடியில் சேராத இதர கட்டணங்கள் வருடத்துக்கு 2,000. அந்த ஊரில் ஒரு ரூமுக்கு வாடகை 1,500, அதாவது வருடத்துக்கு 18,000. மிச்சம் 10,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 833 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். இன்னொரு இடத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 26,000-தான். கட்டணம் 1,200, வாடகை மாதம் 700. கையில் நிற்பது மாதம் சுமார் 1,366.

இதைவிடப் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தது தோழியின் அப்பாதான். முதலில் அவரும் "ஏன் கண்ணு, இதுல எது பெரிய காலேஜு?" என்றுதான் கேட்டாராம். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, "மொத வருசத்துக்குத்தான எழுதியிருக்கான்? ரெண்டாவது வருசம் கூலி யாரு தருவா?" என்றிருக்கிறார். முப்பது வருடம் பீஸ் ரேட்டில் வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியாதா! அங்கே இருந்த வாசகம், "படிப்பையும் நிதி இருப்பையும் பொறுத்துப் புதுப்பிக்கப்படும்." நடுப்பகுதிப் பல்கலைக்கழகமோ ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தது.

புதுப்பிக்கப்படும் என்ற வாசகம் இருந்தாலே மோசடி என்று அர்த்தமில்லை. ஒழுங்காகப் படிக்கும் எல்லோருக்கும் ஐந்தாம் வருடம் வரை தரும் இடங்களும் அப்படித்தான் எழுதுகின்றன. அதனால் "நல்ல நிலையில் இருந்தும் நிதி நின்றுபோன மாணவர்கள் உண்டா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்க. கையில் இன்னோர் ஆஃபர் இருந்தால், அதைச் சொல்லி ஸ்டைபெண்டைக் கூட்ட முடியுமா என்றும் கேட்கலாம். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி மட்டும் கேட்காதீங்க, கடிதத்தை அனுப்பச் சொல்வார்கள்.

இன்னொரு சின்ன எழுத்து ஐ-20 படிவத்தில் இருக்கிறது. பாடப்பிரிவின் குறியீடு 45.0603 என்றால் அது எக்கனாமெட்ரிக்ஸ் மற்றும் அளவுசார் பொருளாதாரம், அமெரிக்க அரசின் 'ஸ்டெம்' பட்டியலில் வரும். படிப்பு முடிந்தபின் 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். 45.0601 என்றால் பொதுப் பொருளாதாரம், அந்த நீட்டிப்பு கிடையாது. விசா விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறும்தான். ஆனாலும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

நெதர்லாந்து கதை வேறு. அங்கே பிஹெச்.டி மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர், சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. ஸ்வீடனிலும் இதே மாதிரிதான். ஆனால் தோழிக்கு வந்த ஆஃபரில் முதலில் இரண்டு வருட ரிசர்ச் மாஸ்டர்ஸ், அதில் தேறினால்தான் பிஹெச்.டி. முதல் இரண்டு வருட உதவித்தொகை பாதிக்குத்தான் வந்தது. லோன் போட வேண்டியிருக்கும் என்றதும் அதை அவளே ஓரமாக வைத்துவிட்டாள். இங்கேயே இருந்து ஜே.ஆர்.எஃப் வாங்கிச் செய்வதும் மட்டமான வழி இல்லை. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. திருப்பூர் பற்றித்தான் ஆராய்ச்சி என்றால் களமும் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் ஜே.ஆர்.எஃப்-ஐ நான்கு மார்க்கில் தவறவிட்டிருந்தாள், அந்தக் கதவு அப்போதைக்குத் திறந்திருக்கவில்லை.

நாலாவது வருஷத்துக்காரங்களைப் பிடிங்க

மார்ச்சில் ஜூம் மீட்டிங் வைத்து மாணவர்களைப் பேச வைப்பார்கள். முதல் வருட மாணவர்கள் எல்லாமே சூப்பர் என்பார்கள், அவர்களுக்கு இன்னும் எதுவும் நடந்திருக்காது. நான்காம், ஐந்தாம் வருடத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக மெயில் போடுங்க. கேட்க வேண்டியது, "கைடை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீங்க? உங்க பேட்ச்ல யாராவது விட்டுட்டுப் போனாங்களா, ஏன்?" தோழி இரண்டு இடத்திலும் இதே கேள்வியைக் கேட்டாள். ஓர் இடத்தில், "வியாழக்கிழமை மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுட்டே பேப்பர் பேசுவோம்" என்று பதில். இன்னோர் இடத்தில் ஒருவர், "மெயிலில் வேண்டாம், கூப்பிடுங்க" என்று நம்பர் அனுப்பினார். அவர் என்ன பேசினார் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14 ராத்திரி, யாரும் கேள்விப்படாத அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்து மற்ற இரண்டுக்கும் மூன்று வரியில் நன்றியும் மறுப்பும். அதை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பியிருக்கலாம் என்று இப்போது வருத்தப்படுகிறாள். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்த யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, அந்த ஒரு வாரமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்திருப்பார்தானே.

பெரியப்பா இன்னும் அந்தப் பழைய ஸ்டேட்டஸை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லையாம்.