வெந்நீர் பாய்லர்: பழைய வீட்டுக்கு எது, புது வீட்டுக்கு எது?

வெயிலுக்குப் பேர்போன நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலும் மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து ஆறு மணிக்குக் கடை திறக்கும் பலசரக்கு வியாபாரிக்கு வெந்நீர் ஆடம்பரமல்ல. வயதான பெற்றோரோ பிள்ளை பெற்ற பெண்ணோ வீட்டில் இருந்தால் சித்திரையிலும் அது தேவைப்படும். ஆகவே இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு நம் உறுப்பினர்களில் பலர் ஒரு பாய்லர் வாங்கப் போகிறவர்களே. (அரிசி ஆலையின் நீராவி பாய்லரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது அரசு ஆய்வாளர் வந்து பார்க்கிற சமாச்சாரம். இங்கே பேசுவது குளியலறை வெந்நீரைப் பற்றி.)

வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை லிட்டர்?"; இரண்டாவது, "என்ன விலை?" நம் ஊரில் இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் ஓடுவது என்ன தண்ணீர்?

பந்தல்குடிப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்து, ராமசாமி ராஜா நகர் சிமெண்ட் ஆலைக்குக் கொண்டு போகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரைத்தான் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாம் மேலே ஏற்றுகிறோம். குளிர்ந்திருக்கும்வரை சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. சூடேறினால் தண்ணீரை விட்டுப் பிரிந்து, சூடான இடத்திலேயே கல்லாகப் படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவது இன்னும் வேகம். கீசருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் மேல் இந்தக் கல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது; கம்பியின் வெப்பம் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கம்பியே வெந்து அறுந்துபோகிறது. "மெஷின் சரியில்லை அண்ணாச்சி" என்று மெக்கானிக் சொல்வார். உண்மையில் மெஷினைக் கொன்றது தண்ணீர்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அதற்கு முன்னால் வெந்நீர்த் தவலையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தடித்துச் செதில் செதிலாக உரிந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. சோப்பு நுரைக்காவிட்டால் மீதியும் கிடைத்துவிட்டது. நம் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டாலும் எந்தத் தெருத் தண்ணீர் எப்படி என்று சொல்லிவிடுவார்கள். தண்ணீர் உப்பானால் சாயம் பிடிக்காமல் முதலில் நஷ்டப்படுகிறவர்கள் அவர்களே.

பழைய வீடு

ஓட்டு வீடும் மட்டப்பா வீடும் நம் பக்கம் இன்னும் நிறைய. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று அப்பா தாத்தா காலத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. இந்தச் சுவரில் 25 லிட்டர் கீசரைத் தொங்கவிடுவது விளையாட்டல்ல. தண்ணீர் மட்டுமே 25 கிலோ. தொட்டியின் எடையும் சேர்ந்தால் ஒரு சிப்ப அரிசியைவிட அதிகமாகவே வரும். உதிர்கிற காரையில் துளை போட்டு முடுக்கிய ஆணி அந்த எடையை வருடக்கணக்கில் தாங்கும் என்று நம்பக்கூடாது. அடியிலிருந்து இரும்பு ஆங்கிளில் தாங்கு கட்டி அதன்மேல் எடையை விட்டுவிடுவது உத்தமம்.

அடுத்தது வயரிங். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். விளக்கும் விசிறியும் ஓடுகிற பழைய வயரில் இதைக் கோத்துவிட்டால் வயர் உள்ளுக்குள்ளேயே கருகும். மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்புக் கருவி இவ்வளவும் வைத்த பிறகுதான் கீசர். வறண்ட பூமியில் எர்த் குழி சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக்கூடாது. இந்தச் செலவு கீசர் விலையில் பாதியைத் தொட்டாலும் தொடும். அதை மிச்சம் பிடித்தால் குளியலறையில் ஈரக் கையோடு நிற்கிற ஆள் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கடையும் வீடும் ஒரே கட்டடமானால் இன்னொன்று. கடை மீட்டரில் கீசரைச் சேர்த்தால் வணிகக் கட்டணத்தில் வெந்நீர் காய்ச்ச வேண்டிவரும். வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுத்தாலோ 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அபராதம். இரண்டையும் தனித்தனியாக வைத்திருங்கள்.

இவ்வளவு செய்ய முடியாத வீட்டுக்கு, நடுவில் புகைக்குழாயும் அடியில் கரித்தட்டுமாக வரும் பழைய செம்பு பாய்லரே மேல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சீமைக் கருவேலங்கரிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கல் படிந்தாலும் வாய் திறந்து சுரண்டிவிடலாம்; அறுந்துபோக உள்ளே கம்பியும் கிடையாது. தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு மட்டும் போடக்கூடாது. பற்றவைத்த இணைப்பு உருகி ஓட்டை விழும். முக்கியமாக, முற்றத்தில் அல்லது திறந்த தாழ்வாரத்தில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைத் தூங்கவைத்துக் கொன்றுவிடும். குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீசரிலும் இதே அபாயம். நம் நாட்டில் பல ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கேஸ் கீசர் வேண்டுமென்றால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே விடுங்கள்.

புது வீடு

புது வீட்டில் சுவரும் வயரும் பிரச்சினையில்லை. வெந்நீர்க் குழாய் சாதாரண பிவிசியாக இல்லாமல் சிபிவிசியாக இருக்கட்டும். தொட்டியின் பாதுகாப்பு வால்வு சூடேறும்போது சொட்டும். சொட்டுகிறதே என்று அடைத்துவிடுகிற பிளம்பர்கள் இருக்கிறார்கள். அடைத்தால், தெர்மோஸ்டாட் பழுதாகும் ஒரு நாளில் தொட்டி வெடிக்கும்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பம் தரும். ஐந்து பேர், ஆளுக்கு 20 லிட்டர், 28 டிகிரித் தண்ணீரை 40 ஆக்க 1,200 கிலோ கலோரி. அதாவது நாளொன்றுக்கு 1.4 யூனிட். அறுபது நாளில் 84. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் குளியலறையிலேயே கரைந்துபோகும். உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

அதனால் மாடி உள்ள புது வீட்டுக்குச் சூரிய வெந்நீர் சாதனம் பொருத்தம். வெயில்தான் நமக்குக் குறைவில்லாத சரக்கு. தெற்குப் பார்த்து வைக்க வேண்டும். செம்புக்குழாய்த் தகட்டு வகையில் கல் படிந்து மெல்லிய குழாய்கள் அடைபடும் என்பதால் கடினத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை மேல். இதில் நம் ஊருக்கென்றே ஒரு அபாயம் உண்டு. தண்ணீர் வராத நாளில் தொட்டி காலியாகி, குழாய் வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருக்கும். நடுப்பகலில் மோட்டார் போட்டதும் குளிர்ந்த நீர் பட்டுக் கண்ணாடி வெடிக்கும். காலியான சாதனத்தை விடியலிலோ பொழுது சாய்ந்தோ மட்டும் நிரப்புங்கள். கீழே மிளகாய், மல்லி, பருப்புக் கிட்டங்கி என்றால் சரக்குக்கு நேர் மேலே இதை வைக்கவே வேண்டாம். ஓர் இரவுக் கசிவு ஒரு சீசன் லாபத்தைக் குடித்துவிடும். பழைய மட்டப்பா வீட்டுக்கும் இது ஆகாது. 200 லிட்டர் நிறைந்தால் 200 கிலோ, அதைத் தாங்கும் மர உத்திரத்தின் வயதை யோசியுங்கள்.

புது வீடு கட்டுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி ஒன்று உண்டு. 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து எல்லோரும் குழி தோண்டுகிறோம். கூரை நீரை வடிகட்டி, குழிக்குப் போகுமுன் ஒரு தரைத்தொட்டியில் பிடித்து, அதிலிருந்து பாய்லருக்குத் தனிக் குழாய் விட்டால், சுண்ணாம்பில்லாத தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்தால் மார்கழி, தைக்கு உதவும்.

போர்த் தண்ணீரே கதி என்றால், சூட்டை 55 டிகிரிக்குள் திருகி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, கார்த்திகைக்குள், மெக்கானிக்கை வரவழைத்துக் கம்பியைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கல்லைக் கரைக்கச் சொல்லுங்கள். அது நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டாம், உலோகத்தையே தின்றுவிடும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி உப்புக்குத் தன்னைக் கொடுத்துத் தொட்டியைக் காப்பது. தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். உத்தரவாத அட்டையைக் கடையிலேயே பிரித்துப் படியுங்கள். இத்தனை அளவுக்கு மேல் கடினமான தண்ணீரால் வந்த பழுதுக்கு உத்தரவாதமில்லை என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தண்ணீருக்குத் தாங்குமா?" என்று கேட்டு, பதிலை ரசீதின் பின்பக்கம் எழுதி, கடை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.