தனித்திருங்கள் என்றால் எந்த அறையில்?

ஒரே உத்தரவு, வேறு வேறு விளைவு

2020 ஜூலை பிற்பாதியில் சென்னை மாநகராட்சியும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து நகரம் முழுக்க 12,405 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தன. கொரோனா வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் 21.5 சதவீதம் பேரிடம் இருந்தது. அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தண்டையார்பேட்டை மண்டலத்தில் சுமார் 44 சதவீதம். மாதவரம் மண்டலத்தில் சுமார் 7. பெரம்பூர் இவை இரண்டுக்கும் நடுவே, திரு.வி.க. நகர் மண்டலத்தில் இருக்கிறது. அங்கிருந்து மாதவரம் நெடுஞ்சாலையில் மூலக்கடையைத் தாண்டிப் போனால் மாதவரம். கிழக்கே போனால் தண்டையார்பேட்டைப் பக்கம்: வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை. இரு பக்கமும் மார்ச் 25 முதல் அமலில் இருந்தது ஒரே ஊரடங்கு. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப்போனதும் ஒரே சேதிதான்: வீட்டிலேயே இருங்கள், அடிக்கடி கை கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் தனித்திருங்கள்.

உத்தரவு ஒன்றாக இருந்தும் விளைவு ஆறு மடங்கு வேறுபட்டது என்றால், காரணத்தை அந்த உத்தரவு போய்ச் சேர்ந்த வீடுகளில்தான் தேட வேண்டும். மும்பையில் அதே மாதம் மூன்று வார்டுகளில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது: குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம், மற்ற இடங்களில் 16. நோய் பரவும் காலத்தில் உள்ளாட்சி சொல்லும் அறிவுரை, அதைக் கடைப்பிடிக்க வேண்டிய இடத்தையும் தண்ணீரையும் சாப்பாட்டையும் கூடவே கொண்டுவர வேண்டும். இது கூடுதல் சலுகை அல்ல, நோய்த் தடுப்பின் பாதி வேலையே இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பத்துக்குப் பத்து அறையில்

வடசென்னையின் பழைய தெருக்களில் ஒண்டிக் குடித்தனங்கள் இன்னும் ஏராளம். நீளமான நடை, அதன் ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. அங்கே ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 14 நாள் எந்த அறையில் தனித்திருப்பது? பொதுக் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அத்தனை வாசல்களையும் கடந்துதானே போக வேண்டும்? கை கழுவுவதும் அப்படித்தான். லாரித் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து பிடித்த தண்ணீர் அது. சமையல், குடிநீர், குழந்தையின் குளியல் போக மிச்சத்தில்தான் சோப்பும் கையும். கை கழுவச் சொன்ன அதே அறிவுரை, தண்ணீருக்காக லாரியைச் சுற்றிக் கூட்டம் கூடவும் வைத்தது.

வடசென்னைக்காரர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள், காசிமேட்டிலும் மார்க்கெட்டிலும் கூடிக் கூடியே நோயைப் பரப்பினார்கள் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. தினக்கூலியில் வாழும் வீட்டில் வாரத்துக்கான காய்கறியை ஒரே நாளில் வாங்கக் கையில் பணம் இருக்காது, வாங்கினாலும் வைக்கக் குளிர்பதனப்பெட்டி இருக்காது. அன்றாடம் வாங்கினால்தான் அன்றாடம் அடுப்பெரியும். ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாநிலமெங்கும் போனதற்கும் கட்டுப்பாட்டுக் குறைவு என்று யாரும் எளிதாகப் பெயர் வைத்துவிட முடியாது. நகரத்துக்கே காய்கறி வந்துசேரும் இடம் அது. மூடினால் ஊர் பட்டினி, திறந்தால் தொற்று. மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே செய்வதுதான் அங்கே நோய்த்தடுப்பாக இருந்திருக்கும்.

வாசலுக்கு வந்த பிறகு

படிப்படியாக மாநகராட்சியின் போக்கு மாறியது. பல ஆயிரம் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்டார்கள். தெருமுனைகளில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான காய்ச்சல் முகாம்கள் நடந்தன. வீட்டில் இடமில்லாதவர்கள் தங்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் சிகிச்சை மையங்களாயின. ஜூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு போட்டபோது அம்மா உணவகங்களில் சாப்பாடு இலவசம், ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் என்று இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்துவந்தன. அந்தத் தொகை போதுமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இருக்கச் சொல்கிறவர் அந்த வீட்டு அடுப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

தாராவியிலும் இதுதான் நடந்தது. நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. சுமார் இரண்டு சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலானோருக்குப் பொதுக் கழிப்பறைதான். அங்கே வீட்டில் தனிமை என்பதே நடக்காத காரியம் என்பதை மும்பை மாநகராட்சி தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு, பள்ளிகளையும் விளையாட்டு வளாகத்தையும் தனிமை இடங்களாக்கி, அங்கேயே சாப்பாடும் கொடுத்தது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

‘ஏற்கெனவே வந்துவிட்டதால்தானே குறைந்தது?’

ஆண்டு முடிவதற்குள் மொத்தத் தொற்று எண்ணிக்கையில் அண்ணா நகரும் கோடம்பாக்கமும் வடசென்னையின் ராயபுரத்தை முந்திவிட்டன. இதை முகாம்களின் வெற்றியாகச் சொன்னால் நியாயமான ஒரு மறுப்பு எழும். வடக்கில் பாதிக்குப் பாதி பேருக்கு நோய் ஏற்கெனவே வந்துபோய்விட்டது, பரவ ஆளில்லாமல்தான் குறைந்தது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. முகாம்களுக்கு முழுப் பெருமையும் தர முடியாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுவைத்தான் சேர்க்கிறது. அந்த 44 சதவீதம் எப்போது சேர்ந்தது? பெரும்பகுதி, ஊரடங்கு அமலில் இருந்த அந்த நான்கு மாதங்களில். உத்தரவு கடுமையாக இருந்த காலத்திலேயே, அது நிற்க இடமில்லாத வீடுகளுக்குள் நோய் ஓசையில்லாமல் பரவியிருக்கிறது. நோய் வந்து எதிர்ப்பாற்றல் கிடைத்தது என்பதை ஒரு வழிமுறையாகப் பேசுகிறவர்கள், வழியில் இறந்துபோன முதியவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் கணக்கில் எடுப்பதில்லை.

தகரமும் ஸ்டிக்கரும்

எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு என்பதை வெளியிட்டால் பீதி பரவும் என்று ஒரு தயக்கம் உண்டு. தெருவின் பெயரைச் சொல்வது வேறு, வீட்டின் கதவில் ஒட்டுவது வேறு. தெருவின் நிலவரம் தெரிந்தால் அங்குள்ளவர்கள் முகக்கவசத்தை மறக்க மாட்டார்கள், லேசான காய்ச்சலையும் பரிசோதித்துக்கொள்வார்கள். கதவில் ஸ்டிக்கர் ஒட்டி வாசலைத் தகரம் வைத்து அடைத்தபோது நடந்தது நேரெதிர். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஸ்டிக்கர் வேலை போவதற்கான அறிவிப்பு. 2020 ஜூனில் தொற்று உறுதியான இருநூற்றுக்கும் மேற்பட்டோரை அவர்கள் தந்த முகவரியில் காணாமல் மாநகராட்சி தேடியது. எல்லாரும் அச்சத்தால் மறைத்தவர்கள் அல்லர், வீடு மாறியவர்களும் பிழையாக எழுதப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். என்றாலும் அச்சத்தின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. அப்படி வாசலில் ஒட்டத் தேவையில்லை என்று அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்கு முன்பே, செப்டம்பரில் தமிழக அரசு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, தனிமையை மீறினால் 500 ரூபாய் அபராதம் என்றது. அதே சட்டத்தில் குடிநீர் வழங்கல் பற்றியும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அபராதப் பிரிவைப் படிக்கும் அதிகாரிகள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த மழைக்கு

கொரோனாவோடு முடிந்த கதையல்ல இது. ஓட்டேரி நல்லா கால்வாய் நிரம்பி, குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தால் வயிற்றுப்போக்கு வரும். தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல். மூடாத தொட்டியில் டெங்குக் கொசு. ஓ139 வகை காலரா உலகில் முதன்முதலில் 1992இல் தென்பட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று என்பதை நாம் மறக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் கலங்கியோ நாற்றத்தோடோ வந்தால் காய்ச்சினால் போதும் என்று விடாமல், தெருவில் நாலு வீடு சேர்ந்து புகார் கொடுங்கள். மாநகராட்சியின் எண் 1913. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு. வெள்ளத்தில் நடந்த சில நாளில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், நீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டெங்கு பற்றிய துண்டறிக்கைகள் கொசுவோடு நின்றுவிடுகின்றன. அபாயம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது என்பதை அவை பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் புரூபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் ஓஆர்எஸ், குளோரின் மாத்திரை கேட்டு வாங்குங்கள். தனித்திருக்கச் சொன்னால், எங்கள் வீட்டில் இடமில்லை, எந்தப் பள்ளியில் தங்கலாம், சாப்பாடு யார் தருவார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பதில் அவரிடம் இல்லையென்றால் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள்.